பிரம்பு வளையமும் இரண்டு விமானமும்

நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரன் என்று என் மனைவி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பெயரைக் காப்பாற்ற ஜப்பான்காரன் ஆட்சியில்தான் எனக்குச் சரியான சந்தர்ப்பம் வாய்த்தது.

யுத்தத்துக்கு முன்னால் ரயில்வே யார்டில் கொடி காட்டுகிற வேலை எனக்கு. ஜப்பான்காரர்கள் வந்ததும், கொடி பிடிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் கோலாலம்பூருக்குத் தெற்கே இருந்த விமானத் திடலுக்கு அனுப்பிவிட்டார்கள். ரயிலுக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அதற்கான பலனைப் பிறகு அனுபவித்தேன்.

ஓடுதளம் என்றால் நீளமான புல்வெளி, அவ்வளவுதான். ஒரு முனை கிள்ளான் பக்கம், மறுமுனை மலைப் பக்கம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மலைக்காற்று வீசினால் கிள்ளான் முனை வழியாக வரும்; கிள்ளான் காற்று வீசினால் மலைமுனை வழியாக வரும். வருகிற முனையில் நின்று வெள்ளைக் கொடி காட்டினால் இறங்கலாம். சிவப்பு காட்டினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஓடுதளத்துக்கு மேலேயே நேராகப் பறந்துபோய்ச் சுற்றி வரவேண்டும். இதற்கு ஒரு ஆள் போதும். காற்று மாறினால் சைக்கிளில் ஏறி மறுமுனைக்குப் போய்விடலாம்.

அந்தச் சமயத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகிற ஆட்களின் பட்டியலில் என் மைத்துனன் பெயர் வந்தது. போனவர்கள் திரும்புவதில்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் மனைவிக்கு ஒரே தம்பி அவன். அவள் அழவில்லை. மரவள்ளிக்கிழங்குத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் பொய் சொல்றீங்களே, என் தம்பிக்காக ஒண்ணு சொல்லக் கூடாதா?"

மறுநாள் சொன்னேன். திடலின் ஜப்பானிய அதிகாரிக்குக் கொஞ்சம் மலாய் தெரியும், எனக்கும் கொஞ்சம் தெரியும். இரண்டு கொஞ்சத்துக்கும் நடுவில் பொய்க்கு நிறைய இடம் இருந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வந்து மோதாமல் இருக்க ரயில்வேயில் ஒரு வளையம் உண்டு. அது எந்த டிரைவர் கையில் இருக்கிறதோ, அவன் மட்டும்தான் போகலாம். ஓடுதளமும் ஒற்றைத் தடம்தான் என்று அதிகாரியிடம் விளக்கினேன். இரண்டு முனையிலும் ஆள் நிற்கவேண்டும், வளையம் ஒன்றே ஒன்று, அதைக் கையில் வைத்திருப்பவன்தான் வெள்ளைக் கொடி காட்டலாம், மற்றவன் சிவப்பு. இது ரயில்வே விதி, துவான் என்றேன். துவான் என்றால் மலாயில் ஐயா.

விதி என்ற சொல் கேட்டால் அவருக்குப் பசி எடுத்த மாதிரி முகம் மலரும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இரண்டாவது ஆள் யார் என்று கேட்டார். கொஞ்சம் மந்தமானவன், ஆனால் விதியை மீறமாட்டான் என்று என் மைத்துனனைச் சொன்னேன். பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்தார்கள். "விதி மீறினால் இருவரும் சயாம்" என்றார் அதிகாரி.

பிரம்பை வளைத்து ஒரு வளையம் செய்தோம். நாளுக்கு இரண்டு விமானமோ மூன்றோ வரும். இரண்டு சேர்ந்து வந்ததே இல்லை. எங்கள் வளையம் கூத்து மேடைக் கிரீடம் மாதிரிதான். ஆனாலும் அதிகாரி பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் மைத்துனனை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

"மாப்ள, வளையம் கைல இல்லாம வெள்ளைக் கொடி தூக்குவியா?"

"மாட்டேன் மாமா."

"வானமே இடிஞ்சு விழுந்தா?"

"அப்பவும் சிவப்புதான் மாமா."

"அக்கா வந்து சொன்னா?"

கொஞ்சம் யோசித்தான். "அக்கா சொன்னா தூக்குவேன். உங்களுக்குப் பயப்படலாம், அதுக்காக அக்காவப் பகைச்சுக்க முடியுமா?"

இந்த லட்சணத்தில் ஒரு வருடம் ஓடியது.

ஒருநாள் மத்தியானம் கிள்ளான் பக்கம் வானம் கறுத்தது. நான் கிள்ளான் முனையில் வளையத்தோடு இருந்தேன், மைத்துனன் மலைமுனையில் சிவப்போடு. மலைக்காற்று சட்டென்று நின்றது. பிறகு எதிர்ப்பக்கமிருந்து, ஈரமாக, முகத்தில் அறைந்தது. காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த துணிக்குழாய் அப்படியே திரும்பிக்கொண்டது. கொட்டகை வாசலிலிருந்து அதிகாரி மலைமுனையைக் கை காட்டினார். வளையத்தைக் கொண்டுபோகச் சொல்கிறார்.

விதிப்படி என் சிவப்புக் கொடியை மண்ணில் ஊன்றிவிட்டு, வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். ரப்பர் குழாயை வெட்டிக் கட்டிய டயர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முதுகில் குத்தும். ஓடுதளத்தில் பாதி தூரம் போனதும் சங்கிலி கழன்றது.

குனிந்தபோது சத்தம் கேட்டது. கிள்ளான் பக்கம் மழைக்கு முன்னால் தப்பி ஒரு விமானம் தாழ்வாக வந்துகொண்டிருந்தது. காற்று மாறியதை அது கவனிக்கவில்லை. மலைப்பக்கம் பார்த்தேன். அங்கேயும் ஒன்று, துணிக்குழாயைப் பார்த்துச் சரியாகக் காற்றை எதிர்த்து இறங்கி வந்தது. இரண்டும் ஓடுதளத்துக்கு நேராக, எதிரெதிரே. நடுவில் நானும் என் சங்கிலியும்.

முதலில் எனக்குப் பயமே வரவில்லை. என் முனையில் ஊன்றிய சிவப்பு. மைத்துனன் கையில் சிவப்பு. யார்டில் இரண்டு பக்கமும் சிவப்பு இருந்தால் நிம்மதியாக வெற்றிலை போடலாம். ரயில் நின்றுவிடும்.

அப்போதுதான் உறைத்தது. விமானத்துக்கு நிற்கத் தெரியாது. சிவப்பைப் பார்த்ததும் இரண்டும் மூக்கைத் தூக்கும், இரண்டும் நேராக வரும், என் தலைக்கு மேல் சந்தித்துக்கொள்ளும். ரயில்வே விதியை வானத்தில் ஏற்றிய மேதாவி கீழே நின்று வேடிக்கை பார்ப்பான்.

மலைமுனை விமானம் இறங்கிவிட்டால் போதும். மற்றது மேலே போய்விடும். அதற்கு மைத்துனன் வெள்ளையைத் தூக்கவேண்டும். தூக்கமாட்டான். வானம் இடிந்தாலும் தூக்காதே என்று சொன்னவன் நான்.

"வெள்ளை தூக்குடா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வளையத்தை உயர்த்திக் காட்டினேன். அவன் சிவப்பை இன்னும் விறைப்பாகப் பிடித்தான். வளையம் தன் கையில் இல்லை என்று நான் நினைவுபடுத்துவதாக நினைத்திருப்பான். கொட்டகை வாசலில் அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தார்.

வளையத்தை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு வேட்டியை அவிழ்த்தேன். சோப்பில்லாமல் துவைத்துத் துவைத்து, அது வெள்ளை என்பதை ஒரு நம்பிக்கையாக மட்டுமே வைத்திருந்தோம். இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் சுழற்றினேன். கோவணத்தோடு, காற்றில், ஒரு பேரரசின் ஓடுதளத்தில்.

மைத்துனன் பார்த்தான். ஒரு நொடி. இன்னொரு நொடி. சிவப்பு கீழே போனது. வெள்ளை எழுந்தது.

மலைமுனை விமானம் புல்லைத் தொட்டு, மண்ணை வாரியடித்துக்கொண்டு என்னை ஒட்டித் தாண்டி ஓடியது. அடுத்த மூச்சில் மற்றது அதன் மேலாக இரைந்துகொண்டு மலைப்பக்கம் போனது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தென்னை மரம் நட்டிருக்கலாம். அதற்குமேல் இடமில்லை. நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது; அதிகாரி மழையில் நடந்தே வந்தார். மைத்துனனும் வந்து சேர்ந்தான். அதிகாரி அவனுடைய வெறும் கையைப் பார்த்தார். பிறகு என் தோளில் தொங்கிய வளையத்தைப் பார்த்தார்.

"மானா கெலாங்?" என்றார். வளையம் எங்கே, அது இல்லாமல் எப்படி வெள்ளை தூக்கினாய் என்று மைத்துனனைக் கேட்கிறார். விமானங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கற்றுக்கொடுத்த விதியை என்னைவிட நன்றாகப் படித்திருந்தார்.

"மாமா, நான் சயாம்தானா?" என்று மைத்துனன் தமிழில் முணுமுணுத்தான்.

"வாயை மூடு" என்று சொல்லிவிட்டு அதிகாரியைப் பார்த்துக் குனிந்து வணங்கினேன். கோவணத்தோடு குனிவது எவ்வளவு சிரமம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். விதி இருக்கிறது துவான் என்றேன். வளையம் வழியில் நின்றுபோனால், அதைக் கொண்டுவருகிறவன் தன் உடம்பிலிருக்கும் வெள்ளைத் துணியைக் காட்டவேண்டும். அதைக் கண்டவன் வெள்ளைக் கொடி தூக்கியே ஆகவேண்டும்.

"எத்தனையாவது விதி?"

"பதினேழு, துவான்." அது எங்கள் குவார்ட்டர்ஸ் கதவு எண்.

அவர் என் வேட்டியின் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது வெள்ளையா?"



"யுத்தகால வெள்ளை, துவான்."

துணியைக் கீழே விட்டார். பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு நோட்டை மழைக்கு மறைத்துக்கொண்டு, பதினேழு என்று போட்டு எழுதினார். மறுநாள் கிடங்கிலிருந்து நான்கு முழம் வெள்ளைத் துணி வந்தது, விதியை நிறைவேற்ற.

வீட்டில் இந்தக் கதையைக் கோவணத்தோடு நடித்துக் காட்டினேன். என் மனைவி அந்த வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். இரண்டு வீடு தள்ளி இருந்தவர் சிரிப்புச் சத்தம் கேட்டு வந்தார். "என்னண்ணே, சைக்கிள் உங்களக் காலவாரிடுச்சாமே?" என்று கேட்டு, அப்போதே உட்கார்ந்து, சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றி இறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் சயாம் லோரி எங்கள் வரிசைக்கு மறுபடியும் வந்தது. விதி பதினேழுக்கு இரண்டு ஆள் தேவை என்று அதிகாரி எழுதிக் கொடுத்த சீட்டை மைத்துனன் நீட்டினான். விட்டுவிட்டார்கள். ஆனால் லோரியில் தலை குறையக் கூடாது. இரண்டு வீடு தள்ளிப்போய் ஒருவரைக் கூட்டிவந்து ஏற்றினார்கள்.

என் வேட்டியைப் பற்றி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த லோரியைப் பற்றிச் சொன்னதில்லை. அவர் மாட்டிக் கொடுத்த சங்கிலி அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கழன்றதில்லை.