நாலு அணியா, எட்டு அணியா

லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர்கள் கோடையில் ஒருநாள் கூடி உதைபந்தாட்டப் போட்டி நடத்துகிறோம். பதினாறு பள்ளிக்கூடங்கள், நாலு பிரிவுகள். பிரிவில் முதலாவதாக வரும் அணி நேரே அரையிறுதிக்குப் போகும். மற்றவை மைதான ஓரத்தில் போட்ட தங்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும். இந்த விதியை எழுதியவன் நான். என் கல்லூரி அநேகமாக எல்லா வருடமும் முதலாவதாக வரும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் ஹரோவில் நடந்த கூட்டத்தில், பிரிவுக்கு இரண்டு அணிகளை எடுத்துக் காலிறுதியும் வைக்க வேண்டும் என்று ஒரு பிரேரணை வந்தது. கொண்டுவந்தது என் மனைவி.

அவள் படித்தது யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் ஒரு சின்னக் கலவன் பாடசாலை. அதன் பிரதிநிதிக்கு அன்று ஷிப்ட் என்பதால் இவளை அனுப்பியிருந்தார்கள். ஒரே காரில்தான் வந்தோம். கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் இருந்து வழிநெடுக மழையைப் பற்றித்தான் பேசினாள். கெட்டிக்காரி.

"ரண்டாவதா வந்தும் மத்தியானமே திரும்பிப் போறம். இந்த முறையும் இப்பிடியெண்டால் இனி வரமாட்டம் எண்டு எங்கட ஆக்கள் சொல்லிப்போட்டினம்," என்றாள்.

நான் தலைவர். சும்மா விடுவேனா? கவுன்சில் மைதானத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்றேன். ஆடுகிறவர்களில் பாதிப்பேருக்கு முழங்கால் சரியில்லை என்றேன். இரண்டாவதுக்கும் இடம் கொடுத்தால் ஆட்டத்தின் தரம் குறையும் என்றேன், முதலாவதுக்கு என்ன மதிப்பு என்றும் கேட்டேன். சபை தலையாட்டியது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆட்டத்தைச் சுருக்கினால் நேரம் காணும். முழங்காலை அவையவை பாத்துக்கொள்ளட்டும்," என்றாள்.

"அது சரி, நீர் ஏன் இவ்வளவு மினக்கெடுறீர்? வருசாவருசம் எங்கட கூடாரத்திலதானே இருக்கிறனீர்?" சபையைச் சிரிக்கவைக்கத்தான் கேட்டேன்.

"ஓம், இருக்கிறனான். எங்கட பள்ளிக்கூடத்துக் கூடாரத்தைப் பன்னிரண்டு மணிக்கே கழட்டிப்போடுவினம். பிறகு நான் எங்க போய் இருக்கிறது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கலியாணம் முடித்த பதினாலு வருடத்தில் அவளும் எங்கள் கல்லூரிப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை.

வாக்கெடுப்பில் இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. முடிவு என் கையில் வந்தது. எட்டு அணிகளுக்குக் கையைத் தூக்கினேன்.

போட்டியன்று அவளுடைய பாடசாலை இரண்டாவதாக வந்தது. காலிறுதியில் அகப்பட்டது எங்களிடம். ஐந்து கோல் போட்டோம். தரம் குறையும் என்று நான் சொன்னது பொய்யில்லை, இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் நாலாவது கோல் விழுந்த பிறகும் மைதானத்தின் அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் ஓயவில்லை. "விடாதேங்கோடா! ஏறி அடியுங்கோடா!" யாரென்று எட்டிப் பார்த்தேன். தங்கள் கூடாரத்துக்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தாள் என் மனைவி. பதினாலு வருடம் எங்கள் அணிக்குக் கைதட்டியவள். அவள் இப்படிக் கத்துவாள் என்று எனக்குத் தெரியாது.