புத்தகம் வராத பத்தாம் வகுப்பு

நொச்சிப்பதியில் மயிலாத்தாள் டீச்சரைத் தெரியாதவர்கள் இல்லை. கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், பாலக்காட்டுச் சீமையின் கிழக்கு ஓரத்தில் கிடக்கிற ஊர் அது. வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸில் எழுதிக் கொடுப்பது மலையாளம். சந்தைக்குப் பொள்ளாச்சி, வரி கட்டக் கேரளத்துச் சித்தூர். மயிலாத்தாள் அங்கே உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர். ஆனைமலைப் பக்கம் பிறந்து, தமிழிலேயே படித்து, கடலைக்காட்டு ஆறுச்சாமியைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்தவள்.

நல்ல டீச்சர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்த நல்லவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊராருக்கு ஒன்று வேண்டுமென்றால், வீட்டில் இருப்பவர்களிடமிருந்து கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மயிலாத்தாளின் கதையும் கடைசியில் அதுதான்.

பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் மலையாள டிவிஷன்கள் உண்டு, தமிழுக்கு ஒரே ஒரு டிவிஷன். ஜூலையில் மேலாபீஸிலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளை எழுப்பி நிறுத்தித் தலை எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால் அந்த டிவிஷன் போயிற்று. பிள்ளைகள் மலையாளத்துக்கு, டீச்சர் வேறெங்கோ ஒரு பள்ளிக்கு. அதனால் பள்ளி திறந்ததும், ஆனி மாதக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு அடிக்கையில், மயிலாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவாள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட அப்படிக் கெஞ்சியதில்லை.

எழுபத்துமூன்றாம் வருடம் எட்டாம் வகுப்புக்கு மூன்று பிள்ளைகள் குறைந்தன. முந்தின வருடம் ஆவணியில் ஓணப் பரீட்சை முடிந்தும் தமிழ்ப் புத்தகங்கள் வராததால் பெற்றவர்கள் மிரண்டு போயிருந்தார்கள். மலையாளப் புத்தகம் பள்ளி திறக்கும்போதே கடைக்கு வந்துவிடும். அதையே தமிழில் யாரோ மொழிபெயர்த்து, யாரோ அச்சடித்து, யாரோ லாரியில் ஏற்ற வேண்டும். அந்த யாரோக்களின் முகத்தை நொச்சிப்பதியில் ஒருவரும் பார்த்ததில்லை.

கரும்பும் பருத்தியும் போடுகிற குப்பண்ணன், தன் மகனையும் தம்பி மகனையும் மலையாளத்துக்கு மாற்றுவதாக முடிவு செய்திருந்தார். மயிலாத்தாள் அவர் வீட்டுக்குப் போய்த் தொண்டை வறளப் பேசினாள். தாய்மொழியில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்றாள். தமிழ் டிவிஷன் ஒருமுறை போனால் திரும்ப வராது என்றாள். குப்பண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மோர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, நீங்க சொல்றதெல்லாஞ் சரிதானுங்க. உங்க புள்ளை எதுல படிக்குதுங்க?"

மயிலாத்தாளுக்கு முகம் சுண்டிப்போனது. மகள் வசந்தாமணி ஒன்றாம் வகுப்பிலிருந்தே மலையாளம். இந்த ஊரில் உத்தியோகம் வேண்டுமென்றால் மலையாளம் வேண்டும் என்று ஆறுச்சாமி சேர்த்துவிட்டார், அவளும் அப்போது மறுத்துச் சொல்லவில்லை. பிள்ளை நன்றாகவே படித்தாள். ஏழாம் வகுப்பில் அவள்தான் முதல். பத்து முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக்குப் போவது, அம்மாவைப் போல டீச்சராவது என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது.

"உங்க புள்ளைய இந்தப் பக்கங் கொண்டாங்க. எங்க பசங்க ரெண்டு பேரும் எங்கயும் போக மாட்டானுங்க."

இரண்டும் ஒன்றும் மூன்று. குப்பண்ணன் கணக்குத் தெரிந்த மனிதர்.

வீட்டில் ஆறுச்சாமி குதித்தார். ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதற்கு நம் பிள்ளையை முளையாக அடிக்கிறாயா என்று கேட்டார். நான் இருக்கும்போது என் பிள்ளை பின்தங்கிப் போவாளா என்று மயிலாத்தாள் திருப்பிக் கேட்டாள். அதை அவள் உண்மையாகவே நம்பினாள். வசந்தாமணி அம்மாவோடு தனியாக இருக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: இனிமேல் உங்கள் வகுப்பிலேயே உட்காரலாமா? ஆமாம் என்றதும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து மயிலாத்தாள் பாதிக் கவலையை விட்டாள்.

எட்டும் ஒன்பதும் எப்படியோ ஓடின. புத்தகங்கள் தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போன வருடம் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். மலையாளத்தில் புதுப் புத்தகம் பளபளவென்று வந்தது. தமிழில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஹெட்மாஷ் என்று எல்லாரும் கூப்பிடுகிற தலைமையாசிரியர் மேலாபீஸுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

மயிலாத்தாள் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போய்த் தமிழ்நாட்டுப் புத்தகங்களை வாங்கி வந்தாள். பைநிறையச் சுமந்து வந்தவள் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மொழி ஒன்றுதான், பாடம் வேறு. அங்கே இருந்த சரித்திரம் இங்கே கேள்வித்தாளில் வராது. இங்கே கேட்கிற ஆறும் மலையும் அங்கே இல்லை. அறிவியலில் பாதிக்கு மேல் பொருந்தவில்லை.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. மலையாளப் புத்தகத்தைத் தாங்களே தமிழாக்கிவிட்டால் என்ன? மயிலாத்தாளுக்கு மலையாளம் பேசத் தடையில்லை, வாசிக்கத்தான் எழுத்துக் கூட்ட வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிடும். வசந்தாமணிக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. ஏழு வருடம் அதில் படித்தவள்.

மறுநாளிலிருந்து வீட்டில் பள்ளிக்கூடம் முடிந்தபின் இன்னொரு பள்ளிக்கூடம் தொடங்கியது. வசந்தாமணி மலையாளப் புத்தகத்தை வாசித்து அர்த்தம் சொல்வாள். மயிலாத்தாள் அதை நல்ல தமிழ் வாக்கியமாக்குவாள். அதை மகளே கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவாள். அடியில் இருக்கிற பிரதி மங்கிப்போகும் என்பதால் திரும்ப இன்னொரு முறை எழுதுவாள். சமூகப்பாடம், பௌதிகம், ரசாயனம், உயிரியல் எல்லாம் அப்படியே. எழுதின தாள்களைக் காலையில் வகுப்பில் கொடுத்தால் பிள்ளைகள் பிடுங்காத குறையாக வாங்கினார்கள். புரியாத இடத்தைக் கேட்க மாலையில் வீட்டுக்கும் வந்தார்கள். அப்போதும் எடுத்துச் சொன்னது வசந்தாமணிதான், ஏனென்றால் பாடத்தை முழுதாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். எழுதி எழுதி அவள் விரல் நடுவில் காய்ப்புக் காய்த்துப்போனது.

கணக்கை மட்டும் மயிலாத்தாள் தொடவில்லை. எண்ணுக்கு எதற்கு மொழிபெயர்ப்பு, கரும்பலகையில் போட்டால் எந்தப் பிள்ளைக்கும் தெரியும் என்று இருந்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது. வசந்தாமணி அந்த நேரத்தில் அவர்களுக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் பரீட்சைத் தாள்களைத் திருத்தியபின் கணக்கு டீச்சர் மாதவியம்மா மயிலாத்தாளைத் தனியே கூப்பிட்டாள். பிள்ளை கணக்கில் ரொம்பவும் பின்தங்கியிருக்கிறாள், தினமும் ஒரு மணி நேரமாவது உட்கார வைக்கவேண்டும் என்று மலையாளத்தில் சொன்னாள். மயிலாத்தாள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பார்த்துக்கொள்ளவேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த வாரம் மின்சாரப் பாடம் பாதியில் நின்றது, அதற்கடுத்த வாரம் சுதந்திரப் போராட்டம். ஒருநாள் மகள் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றபோது, "இந்தப் பாடம் மட்டும் முடிஞ்சறட்டுங் கண்ணு" என்றாள். பாடத்துக்கா பஞ்சம்? ஒன்று முடிந்தால் அடுத்தது நிற்கும். வசந்தாமணி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. தமிழ் டிவிஷனில் அதுவரை இல்லாத தேர்ச்சி. குப்பண்ணனின் இரண்டு பையன்களும் பாஸ். அவர் ஒரு தார் வாழைப்பழத்தோடு வீடு தேடி வந்தார், வந்த பிறகுதான் விஷயம் தெரிந்து தாரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். வசந்தாமணி கணக்கில் தோற்றுப்போயிருந்தாள். சமூகப்பாடத்தில் பள்ளிக்கே முதல் மார்க், அறிவியலிலும் குறைவில்லை. அதெல்லாம் யாருக்கு வேண்டும்? ஒரு பாடம் போனால் பத்தும் போச்சு, பயிற்சியும் போச்சு.

மயிலாத்தாள் அன்று மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். செப்டம்பரில் திரும்ப எழுதலாம், நானே பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொல்கிறேன் என்றாள். வசந்தாமணி அழவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஆறுச்சாமி கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் தோட்டத்திலேயே கிடந்துவிட்டு வந்து, உடுமலைப் பக்கம் தன் அக்காள் வழியில் கேட்டிருந்த சம்பந்தத்துக்குச் சரி சொல்லிவிட்டார். மயிலாத்தாள் செப்டம்பரைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"ஊர்ப் புள்ளைக எல்லாங் கரையேறிட்டாங்க. நம்ம புள்ளைய மட்டும் நீ தண்ணிக்குள்ளயே உட்டுட்டே. இனி எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார்.

ஆனி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. வசந்தாமணி தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை எல்லாரும் வெட்கம் என்றார்கள். தாலி ஏறும்போது மயிலாத்தாள் மகளின் கையைப் பார்த்தாள். மருதாணிக்கு நடுவில் அந்த விரல் காய்ப்பு அப்படியே இருந்தது. அதற்கு மேல் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜூலையில் அதிகாரி வந்து தலை எண்ணினார். அந்த வருடத் தேர்ச்சியைப் பார்த்துவிட்டு மலையாளத்துக்குப் போன பிள்ளைகள்கூடத் தமிழுக்குத் திரும்பியிருந்தார்கள். எண்ணிக்கைக்கு மேலேயே நின்றார்கள். ஹெட்மாஷ் எல்லார் முன்னாலும் மயிலாத்தாளைப் புகழ்ந்தார். அதே வாரம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகக் கட்டுகளும் வந்து இறங்கின, ஒரு வருடம் கழித்து. கட்டைப் பிரித்தபோது புது மை வாசனை அடித்தது. மயிலாத்தாள் கட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். அன்று சாயங்காலம் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து, அந்த யாரோக்களை முகம் தெரியாமலே வாய்விட்டுத் திட்டினாள். திட்டி முடித்தபோது அதில் கடைசியாக நின்றது தன் பெயர்தான் என்று அவளுக்கே தெரிந்தது.

ஆடி பிறந்ததும் முறைப்படி புதுப்பெண்ணை அழைத்துவந்தார்கள். தாய்வீட்டுக்கு வந்த மகளிடம் மயிலாத்தாள் அந்தப் புத்தகங்களைக் காட்டினாள். காட்டியிருக்கக்கூடாது. ஆனால் இன்னும் செப்டம்பர் இருக்கிறது, மாப்பிள்ளையிடம் நானே கேட்கிறேன் என்ற நப்பாசை அவளை விடவில்லை. அவர்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று வசந்தாமணி அமைதியாகச் சொன்னாள். பிறகு சமூகப்பாடப் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சில இடங்களில் நின்று வாசித்தாள். நாம் எழுதியதில் பெரிய தப்பொன்றும் இல்லை, மின்சாரப் பாடத்தைக்கூட ஒருதடவை பார்க்கவேண்டும் என்றாள். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைத் தாங்க முடியாமல்தான் மயிலாத்தாள் உடைந்தாள்.

"உன்னைய அந்தப் பக்கமே உட்டுருக்கோணுங் கண்ணு. நாந்தான் உன்ற படிப்பக் கெடுத்துப்போட்டேன்."

வசந்தாமணி புத்தகத்தை மூடினாள்.

"மார்க்கு போனதுகூட இல்லீங்கம்மா. நெதமும் அத்தனை பேரையும் புரிஞ்சுதா புரிஞ்சுதான்னு கேட்டீங்க. ஒருநாளாச்சும் என்னையக் கேப்பீங்கன்னு உக்காந்திருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் மயிலாத்தாள் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"இப்பக் கேக்கட்டுமா சாமி?"

"இப்ப எதுக்குங்கம்மா," என்றாள் வசந்தாமணி. "சாயந்தரம் அவுரு வர்றேன்னிருக்காரு. சோறாக்கோணும்."

புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.