மூன்றாம் மாடி, பாதி வாடகை

பாதி வாடகைக்கு ஓர் அறை கிடைக்கிறது என்றால், ஏன் பாதி என்று கேட்க வேண்டும். நான் கேட்டேன். கேட்காமல் கையெழுத்துப் போடும் ஆள் இல்லை நான். மேலாளரும் மறைக்காமல் உண்மையைச் சொன்னார். அந்த உண்மை எனக்குப் பிடித்துப்போனதுதான் வினை.

எழுபதுகளின் தொடக்கம். திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். என் மனைவி ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வருடக்கணக்கில் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக அழைப்பு வந்தது. அசல் சான்றிதழ்களுடன் வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மதுரையிலுள்ள மாவட்ட அலுவலகத்துக்கு வர வேண்டும். எங்கள் மாவட்டம் ராமநாதபுரம். ஆனால் அதன் அலுவலகங்கள் பல மதுரையில்தான் இருந்தன. அடுத்த மாவட்டத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தால் வறட்சி அவ்வளவாகத் தெரியாது என்று நினைத்திருக்கலாம்.

இந்த அழைப்பு தவறினால் அடுத்தது வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். விதியைப் பார்த்து, நாள் கணக்குப் போட்டு, அதை அவளுக்குச் சொன்னவனும் நானே. சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் பஸ் நேரத்துக்கு வந்தால் அன்று காலையே போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த பஸ் வராத நாட்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே புதன்கிழமையே போய்த் தங்குவது என்று முடிவு செய்தேன்.

மதுரை பஸ் நிலையத்துக்கு எதிரே அப்போது புதிதாக ஒரு லாட்ஜ் வந்திருந்தது. மொசைக் தரை, மேசை மேல் பிளாஸ்டிக் பூ. மனைவிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நான் வாடகையைக் கேட்டேன். கேட்டுவிட்டு, இன்னும் ஓர் இடம் பார்த்துவிட்டு வருகிறோம் என்றேன்.

“பாத்துட்டு வாரோம்னு சொன்னா நீங்க வரமாட்டீகன்னு அர்த்தம்” என்றாள் அவள், தெருவில் இறங்கியதும்.

இன்னோர் இடம் மாசி வீதிக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். மரப்படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. வாசலில் ஒரு கரும்பலகையில், ‘மூன்றாம் மாடி, பாதி வாடகை’ என்று சாக்பீசால் எழுதியிருந்தது.

“ஏன் பாதி?” என்றேன் மேலாளரிடம்.

“மேல தண்ணி ஏறாது சார். காலையில அஞ்சு மணிக்கு மோட்டார் போடுவோம். ஆறு வரைக்கும் வரும். பிடிச்சு வச்சுக்கிறணும். மறைச்சு ரூம் குடுத்தா பெறகு சண்டைக்கு வாராக. அதான் மொதல்லயே சொல்லிப்புடுறது.”

“தினமும் வருமா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தினமுந்தான் சார்.”

அதுவரை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள். “குழாய் ரூமுக்குள்ளயே இருக்கா?”

“பாத்ரூம்ல இருக்கும்மா.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திருச்சுழியில் எங்கள் தெருவுக்கு ஒரு குழாய். அதில் எந்த நாள் வரும், எந்த நேரம் வரும் என்பது குழாய்க்கே தெரியாது. அதனால் அதை யாரும் மூடுவதில்லை. திறந்தபடியே விட்டு அடியில் ஒரு குடத்தை வைத்துவிடுவோம். முதலில் காற்று சீறும், பிறகு நீர் குடத்தில் விழும். அந்த ஓசைக்குத் தெருவே எழுந்து ஓடி வரும். குழாயை மூடுகிறவனைப் பார்த்தால் வெளியூர் என்று தெரிந்துவிடும். இப்படிப்பட்ட எங்களிடம், தினமும் ஒரு மணி நேரம், அதுவும் அறைக்குள்ளேயே தண்ணீர் வரும், அந்தக் குறைக்காக வாடகையில் பாதி வேண்டாம் என்கிறார் ஒருவர்.

ஆனாலும் நான் முறைப்படிதான் போனேன். வாடகை இருபத்துநான்கு மணி நேரத்துக்கா, நண்பகல் வரைக்குமா என்று கேட்டேன். தலையணை உறைக்குத் தனியாக வாங்குவார்களா என்று கேட்டேன். ரசீதில் பாதி வாடகை என்று எழுத்தில் போடச் சொன்னேன். மேலாளர் போட்டுக் கொடுத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அறையில் மனைவி மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். “மூட்டைப்பூச்சிக்கும் பாதிதானா, இல்ல அது முழுசா?” என்றாள். நான் குளியலறைக்குப் போய், ஊர் வழக்கப்படி குழாயை முழுதாகத் திறந்து அடியில் வாளியை வைத்தேன். காலை ஐந்து மணிக்கு ஓசை கேட்டு எழுந்துகொள்ளலாம். அவள் வந்து பார்த்தாள். வாளி சற்று விலகியிருந்ததைக் காலால் நகர்த்தி நேராக வைத்தாள். இதை இன்றுவரை அவள் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்து, சான்றிதழ்கள் இருந்த காக்கித் துணிப்பை. அலமாரியில் வைக்கலாம் என்றாள் அவள். அலமாரிக்குப் பூட்டு இல்லை. மேசை நடைவழி ஜன்னலுக்கு நேரே இருக்கிறது, கை நீட்டினால் எடுத்துவிடலாம். திருடன் கண்ணில் படாத இடம் கட்டிலுக்கு அடியில் சுவரோரம்தான் என்று விளக்கி, அங்கேயே தள்ளி வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் போகவேண்டிய அலுவலகத்தை முந்தைய நாளே போய்ப் பார்த்துவிடுவது என் முறை. எந்த வாசல், எந்த ஜன்னல், எந்த பெஞ்சுக்கு வெயில் வராது என்று எல்லாம் குறித்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் ஒரு வடையை முழுதாகச் சாப்பிட்டாள்.

மாலை ஐந்து மணிக்குத் திரும்பினால் லாட்ஜின் மரப்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. கீழே ஒரு கல்யாண வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களுக்காக மூன்று மணிக்கே மோட்டார் போட்டிருக்கிறார்கள். மேலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் கதவுக்கு முன்னால் மாற்றுச் சாவியோடு நின்றார். குழாயை அப்போதுதான் அடைத்திருந்தார்.

“யாரு சார் குழாயத் தொறந்து போட்டது?”

“தண்ணி வராதுன்னு நீங்கதான சொன்னீக?”

“வராதுன்னா மூடி வைக்கணும்ல சார்?”

“வராத குழாய எதுக்கு மூடணும்?”

அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “சாருக்கு எந்த ஊரு?”

“திருச்சுழி.”

“அதான்” என்றார்.

மாதக்கணக்கில் புழங்காத குளியலறை என்பதால் தண்ணீர் போகும் துளை அடைத்திருந்தது. அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அலமாரி காய்ந்திருந்தது. மேசை காய்ந்திருந்தது. மனைவி குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். அதிலிருந்து நீர் சொட்டியது.

பயிற்சிச் சான்றிதழ் அச்சடித்தது, தப்பியது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் மையால் எழுதியது. அதில்தான் பிறந்த தேதி இருந்தது. எண்ணில் எழுதியிருந்த வருடம் ஒரு நீலத் திட்டாகிவிட்டது. எழுத்தில் எழுதியது பாதி பிழைத்திருந்தது. நம்ப வேண்டும் என்று நினைப்பவர் மட்டுமே அதைப் படிக்க முடியும். வயதுக்கு வேறு சான்று எங்களிடம் இல்லை.

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனோம். பழைய செய்தித்தாளுக்கு நடுவே ஒவ்வொரு பக்கமாக வைத்து, கரியைத் தணித்து, பதமாகத் தேய்த்தார்.

“சர்டிபிகேட்டு தேய்க்கிறது இதான் மொதத் தடவ. கஞ்சி போடவாக்கா?” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அந்த நீலத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீரை வாரித் துடைத்திருந்த அறைக்குத் திரும்பியதும் நான் ஒரு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வந்தது. பழுதடைந்த ஆவணங்கள் பற்றிய விதிகள் எல்லாம் அதில் இருந்தன. படித்துக் காட்டினேன்.

“இதுல நீங்க குழாயத் தொறந்ததே இல்லையே” என்றாள்.

“‘எதிர்பாராத நீர்க்கசிவு’ன்னு எழுதியிருக்கேன்ல.”

“யாரு எதிர்பாக்கல? வாளிய வச்சு எதிர்பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்.”

மறுநாள் காலை, நான் குறித்து வைத்திருந்த வெயில் படாத பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் முறை வந்ததும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் புத்தகத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“என்னம்மா இது, மழையில நனைஞ்சதா?”

நான் பின்னாலிருந்து நான்கு பக்கத்தையும் நீட்டினேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: “இல்ல சார். லாட்ஜில தண்ணி வராதுன்னு சொன்னாக. குழாயத் தொறந்து வச்சுட்டு வெளிய போயிட்டோம். வந்துருச்சு.”

“வராத குழாயத் தொறந்து வச்சுட்டா போனீக?”

“வந்தாத் தெரியணும்ல சார்.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். “எனக்கு ஊரு வீரசோழன்” என்றார். திருச்சுழிக்குப் பக்கம்தான், அதே வறட்சி. “எங்கம்மாவ இங்க கூட்டிட்டு வந்து ரெண்டு வருசமாச்சு. இன்னும் குழாய மூட மாட்டேங்குது. வீட்டு ஓனரு வாரம் தவறாம சண்டைக்கு வாராரு.”

பிறகு அவர் ஒரு காகிதக் கட்டை இழுத்து விரலை ஓட்டினார். வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய பட்டியல் அது. அவள் பெயருக்கு எதிரே பிறந்த தேதி இருந்தது. “அவுக அசலப் பாத்துத்தான பதிஞ்சிருப்பாக. எழுத்துல மிச்சம் இருக்கிறதும் ஒத்துப்போகுது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே அதிகாரியிடம் போனார். திரும்பி வந்து சிவப்பு மையில் ஒரு குறி போட்டார். வேறு மாவட்டத்து எழுத்தர் யாராக இருந்தாலும் குழாய்க் கதையை நம்பியிருக்க மாட்டார். பட்டியலையும் தேடியிருக்க மாட்டார். எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு அந்தப் பட்டியல் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

“அது என்ன சார் கையில?” என்றார் என்னிடம்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

ஆணை வந்தது. பரளச்சியில் பள்ளிக்கூடம். அவள் ஓய்வுபெறும்வரை பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே வேலை பார்த்தாள்.

லாட்ஜ் மேலாளர் முழு வாடகை கேட்டார். ரசீதில் பாதி என்று எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே அந்த அறை லாபம்தானா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். அவள் பக்கத்தில் இல்லாதபோது சொல்வேன்.

இப்போதும் வெளியூரில் தங்கினால், அறைக் கதவைத் திறந்ததும் அவள் எனக்கு முன்னால் குளியலறைக்குள் போய்விடுகிறாள். வெளியே வரும்போது வாளி அவள் கையில் இருக்கும். கிளம்பும்வரை அதை என்னிடம் கொடுப்பதில்லை.