ஃபிராங்க்பர்ட்டில் ஐம்பது நிமிடங்கள்

எங்கள் அலுவலகச் சுவரில் மூன்று கடிகாரங்கள் மாட்டியிருக்கிறார்கள். துபாய், ஃபிராங்க்பர்ட், டொராண்டோ. இந்தியாவுக்குக் கடிகாரம் கிடையாது. சேர்ந்த புதிதில் முதலாளியிடம் கேட்டேன். "அதுக்கு எதுக்கு பாய் கடிகாரம்? ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கோ, கலாஸ், அவ்வளவுதான்" என்று இந்தியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தியாவுக்கு டிக்கெட் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஃபிராங்க்பர்ட்டில் இப்போது மணி என்ன என்பதைத்தான் நாங்கள் இலவசமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

பர் துபாயில் மீனா பஜாருக்குள் ஒரு புடவைக்கடையின் மாடியில் பதினெட்டு வருடமாக டிக்கெட் போடுகிறேன். ஐரோப்பாவில் கால் வைத்ததில்லை. ஆனாலும் அங்குள்ள பெரிய விமான நிலையங்கள் எப்போது விழிக்கும், எப்போது மூச்சுவிடும் என்று கேளுங்கள், சொல்கிறேன். விடிகாலையில் ஆசியாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு வரை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வரிசையாகக் கிளம்பும். அந்தக் கதவு ஏறக்குறைய மூடியபிறகு, பிற்பகலிலும் இரவிலும் கிழக்கே பார்த்து விமானங்கள் எழும்பும். எல்லாம் அந்த ஊர்க்காரர்களின் சௌகரியத்துக்கு ஏற்ப அமைந்தவை. ஜெர்மன்காரர் மதியம் சாப்பிட்டுவிட்டு ஏறுவார், துபாய்க்கு வந்து தூங்கப் போவார். அதே விமானத்தில் வந்து மாறுகிற நம்மவர் திருவனந்தபுரத்தில் இறங்கும்போது சேவல்கூட எழுந்திருக்காது. அழைக்க வந்த குடும்பம் மொத்தமும் வேனில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கும். உலக விமானப் போக்குவரத்தில் நம் பங்களிப்பு என்ன என்று யாராவது கேட்டால், நம் தூக்கம் என்று தயங்காமல் சொல்வேன்.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஜெனிட்டா வரும்வரை.

ஜெனிட்டா கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் நர்ஸ். கனடாவில் குடியேற அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் மருத்துவமனை நோட்டீஸ் காலம் முடியாமல் விடுவிக்க மாட்டேன் என்று உடும்புப்பிடியாக நின்றது. கடைசி டியூட்டி முடித்து அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது கனடா விசாவில் இரண்டே நாள் மிச்சம். கடைசி நாள் முடிவதற்குள் அந்த மண்ணில் இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் நான்கு வருட அலைச்சலும் காகிதமும் குப்பைக்குப் போகும்.

இரண்டு வழி இருந்தது. பின்னிரவில் ஏறி ஃபிராங்க்பர்ட்டில் ஆறு மணி நேரம் காத்திருப்பது ஒன்று. காலையில் சாவகாசமாக ஏறி, ஐம்பது நிமிடத்தில் டொராண்டோ விமானத்துக்கு மாறுவது இன்னொன்று.

"நேரம் கொஞ்சம் கூட இருந்தா நல்லதில்லையாண்ணே? எனக்கு பயமா கெடக்கு."

"ஆறு மணி நேரம் உக்காந்து கொட்டாவி விடவா? அது ஜெர்மனிம்மா. கடிகாரம் மாதிரி ஓடும். நான் எத்தன பேரை அனுப்பியிருக்கேன்!"

அவள் நம்பினாள். நாள் முழுக்க ஊசியும் மருந்தும் நிமிடம் பிசகாமல் கொடுத்துப் பழகியவள், நிமிடக் கணக்குச் சொன்ன என்னை நம்பினாள்.

அன்று காலை துபாயில் பனிமூட்டம். விமானம் முக்கால் மணி நேரம் ஓடுபாதையிலேயே நின்றது. ஜெர்மனியைப் பற்றி அத்தனை பேசிய எனக்கு, அலுவலக ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் தெரியாமல் போனது உறைக்கவே இல்லை. எங்கள் நேரம் மாலை நாலேகாலுக்கு, அங்கே மதியம் ஒன்றேகால், வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது. அதில் நேரடியாக அழைத்துப் பேச துபாயில் தடை, பதிந்த குரல்தான் போகும். அதனால் அழுகைகூடத் துண்டுதுண்டாகத்தான் வந்துசேர்ந்தது.

"அண்ணே, பிளேன் போயிட்டு. நான் ஓடி வந்தேன், கதவ சாத்திட்டாங்க. கவுண்டர்ல இருக்க அம்மா நாளைக்குப் போலாம்னு சொல்லுகா. ஹோட்டல்ல போயித் தூங்குன்னு சீட்டு தந்துருக்கா. ஜெர்மனி விசா இல்லாம நான் வெளிய எப்படிப் போவேன்? விசா இல்ல விசா இல்லன்னு சொல்லுகேன், அவ 'ஃப்ரீ, ஃப்ரீ'ங்கா. அழுகையில எனக்கு இங்கிலீசும் ஒழுங்கா வரல்ல, காசு இல்லன்னு நெனச்சிட்டா போல."

திரையில் தேடினேன். ஃபிராங்க்பர்ட்டிலிருந்து டொராண்டோவுக்கு அன்றைக்கு இனி ஓர் இருக்கைகூட இல்லை. ஆனால் லண்டனில் கனடாவின் கதவு சாயங்காலம் வரை திறந்திருக்கும். மேற்கே பறந்தால் பொழுதும் கூடவே நீளும். லண்டன் நேரம் மாலை ஐந்துக்கு ஏறினால் டொராண்டோவில் அதே தேதி இரவு எட்டுக்கு இறங்கலாம். கனடா விசா கையில் இருப்பவர் லண்டனில் மாறிப் போகத் தடையும் இல்லை. கடைசி இருக்கைகளில் ஒன்று இருந்தது. அதற்கு இவளைப் பிடித்துத் தள்ளும் அதிகாரம் மட்டும் அந்த 'ஃப்ரீ' அம்மாளிடம் இருந்தது.

ஆங்கிலத்தில் நாலு வரி தட்டினேன்: என் கனடா விசா இன்றோடு முடிகிறது, எனக்கு ஹோட்டல் வேண்டாம், லண்டன் வழியாக இந்த விமானத்தில் அனுப்புங்கள். "பேசாத தாயி. போனை அப்படியே அவ மூஞ்சிக்கு நேரா நீட்டு" என்று குரல்பதிவு அனுப்பினேன்.

முதலாளி வந்து, "என்ன ஆச்சு பாய்?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "ஐம்பது நிமிஷம் யார் போட்டது?" நான்தான் என்றேன். அவர் டிக்கெட்டை என் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒரு படம் வந்தது. போர்டிங் பாஸ், லண்டன், அப்புறம் டொராண்டோ. கூடவே ஒரு குரல்பதிவு, மூச்சிரைப்போடு: "அவ வாசிச்சாண்ணே. வாசிச்சிட்டு அவளே என் கையப் பிடிச்சிட்டு ஓடுகா. நல்ல பொம்பள. பொறவு பேசுகேன்."

மறுநாள் பேசினாள். குடிநுழைவு அதிகாரி முத்திரை குத்தும்போது நள்ளிரவுக்கு இரண்டு மணி நேரம் இருந்ததாம். நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவப்படப்படாது. நீங்க ஒருக்கா அங்க போயிப் பாருங்க. அந்த ஏர்ப்போட்டுல அம்பது நிமிசத்துல கக்கூசுக்குப் போயிட்டு வாரதே பெரும்பாடு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதன்பின் யாருக்கும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான மாற்றம் நான் போடுவதில்லை. கேட்பவர்களிடம் காரணம் சொல்வதும் இல்லை. பதினெட்டு வருடத்துக் கர்வத்தை ஒரு பனிமூட்டத்தில் தொலைத்தேன் என்று யாரிடம் சொல்வது?

அந்த வாரமே லீவு கேட்டேன். எனக்கு நானே டிக்கெட் போட்டுக்கொண்டேன். துபாய், திருவனந்தபுரம், துபாய். கோவில்பட்டியில் இருக்கும் மனைவிக்குப் போன் செய்தேன்.

"லீவு கெடச்சிருச்சு. ஒண்ணாந்தேதியிலேர்ந்து."

"அப்படியா? எப்ப திரும்பி வாறீக?"

திரையில் 'திரும்பும் நாள்' என்று இருந்த இடத்தைப் பார்த்து, மாதக் கடைசி, இருபத்தெட்டாம் தேதி என்று வாசித்தேன்.

அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் ஓசை கேட்டது.

"லீவே ஒண்ணாந்தேதியிலேர்ந்துதானங்க? நான் வீட்டுக்கு வாறதக் கேட்டேன், அது நீங்க இங்கேருந்து கெளம்புற நாளுல்ல?" என்றாள்.