பத்தொன்பது நிமிட இத்தாலி

டயர் கடைக்கு மேல்மாடியில் எட்டு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. அதன் சமையல் மாஸ்டருக்குப் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது வங்கிப் புத்தகத்தோடு சரி. தெரு முழுக்க அவர் ‘இத்தாலி’தான். “இத்தாலிக்கு ரெண்டு நாளா காய்ச்சலாம்” என்பார்கள். கேட்கிறவனுக்கு ஒரு தேசமே போர்த்திக்கொண்டு படுத்த மாதிரி இருக்கும்.

அந்த நாட்டில் இரண்டு வருஷம் பெரிய ஓட்டலில் சமைத்தவர் என்று பேர். அதில் இரண்டு வருஷம் என்பது மட்டும் உண்மை. விமானம் ஏற்றுகிறேன் என்ற ஏஜெண்டு ஒரு துறைமுக ஊரில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். வெறுங்கையோடு வீட்டுப் படி ஏற வெட்கம். இத்தாலியக் கப்பல்காரர்கள் சாப்பிட வரும் ஒரு மெஸ்ஸில் வெங்காயம் உரித்தபடியே அவர்கள் சமையலைக் கண்ணால் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்த அன்று ஆறு வயது மகள் மடியில் ஏறி, “இத்தாலில என்னப்பா பார்த்தே?” என்றாள். பார்த்தது வெங்காயம். அதைச் சொல்ல வாய் வரவில்லை, ஒரு கதை கட்டினார். உண்மை தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். அவளும் அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டாள்.

கடையில் ஓடுவது ஸ்பகெட்டி, கம்பி கம்பியான இத்தாலி நூடுல்ஸ். அதன் பெட்டியில் ஒன்பது நிமிஷம் வேகவைக்கச் சொல்லி அச்சடித்திருக்கும். கடை திறந்த முதல் நாள் அப்படியே செய்தார். ஒரு வாடிக்கையாளர் தட்டைத் தள்ளிவிட்டு, “என்னங்க, குடைக்கம்பியை வேகவெச்சுக் குடுத்திருக்கீங்க?” என்றார். இத்தாலி ராத்திரி முழுக்க யோசித்து, அச்சடித்தவன் முன்னால் ஒரு ஒன்றை விழுங்கிவிட்டான் என்று முடிவுகட்டினார். அதிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றிலும் ஒன்பதுக்கு முன்னால் பேனாவால் ஒரு ‘1’ போட்டுத்தான் அடுக்குவார். விடைத்தாள் திருத்துகிற வாத்தியார் தோரணை. அதற்குப் பிறகு யாரும் தட்டைத் தள்ளியதில்லை.

மகளுக்கு வரன் அமைந்தது. பையன் வீட்டார் ஒரு ஞாயிறு மதியம் கடைக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. அன்று காலை பையனின் அம்மா கடைக்குப் போன் செய்தாள். கையெல்லாம் தக்காளிச் சாறு, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்.

“சம்பந்தி, எங்க பையனோட ஆபீசர் ஒருத்தர் உங்க இத்தாலிக்காரரு. ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கிப்போய்க் கிடக்காராம். அவரையும் கூட்டிட்டு வர்றோம். உங்களுக்கும் பழங்கதை பேச ஆளாச்சு.”

“தாராளமா வாங்க” என்றார். போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாத்திரம் தேய்க்கிற அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “என்ன மாஸ்டர், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? உங்க ஊராளுதானே வர்றாரு?”

“அதுதாங்க்கா பயமா இருக்கு.”

“ஏன், அங்கேயும் யாரையாவது கட்டிட்டு ஓடி வந்துட்டீங்களா?”

மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பார். அன்று தக்காளியை நறுக்கினார். நறுக்கியதையே திரும்ப நறுக்கினார்.

பன்னிரண்டரைக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். பரிமாறும் ஜன்னல் வழியே மகளின் குரல் கேட்டது. “அப்பா அங்க இருந்தப்ப முதலாளியே இவரு கையாலதான் சாப்பிடுவாராம் அத்தை.” இத்தாலி ஸ்பகெட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆபீசர் மேசையில் உட்காரவில்லை. நேரே சமையலறைக்கு வந்துவிட்டார். இத்தாலியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கித் தன் பாஷையில் மடமடவென்று கொட்டினார். இத்தாலிக்குக் கப்பல்காரர்களிடம் பொறுக்கிய வார்த்தை ஒன்றே ஒன்று கைவசம் இருந்தது. “சி, சி” என்றார், ஆமாம் ஆமாம் என்று. ஆபீசர் ஏதோ கேட்டார். அதற்கும் “சி.” ஆபீசரின் புருவம் ஏறியது. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை போலிருக்கிறது.

அவருக்கு நம் பேச்சும் கொஞ்சம் வரும். பெட்டியை எடுத்துத் திருப்பினார். “இந்த ஒண்ணு யார் போட்டது?”

“நம்ம மாஸ்டர்தான் சார்,” என்றாள் அக்கா பெருமையாக. “அச்சுல தப்பு. இவருதான் கண்டுபிடிச்சாரு.”

“தப்பு,” என்றார் ஆபீசர் மெதுவாக. பிறகு, “நீங்க எங்க வேலை செஞ்சீங்க?”

“ரோம்.”

“நான் ரோம்ல பொறந்தேன். எந்தத் தெரு?”

மகள் வாசலில் வந்து நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பையனின் தலை தெரிந்தது. “சொல்லுங்கப்பா,” என்றாள். அவர் வாய் திறக்காததைப் பார்த்து அவளே ஆரம்பித்தாள். “மூணாவது மாடி சார். கீழ ரொட்டிக்கடை. காலைல ஜன்னலைத் திறந்தா எதிர்ல கடல், வெள்ளைக் கப்பல்.”

“ரோம்ல?” என்றார் ஆபீசர். “ஜன்னல்ல கடலா?”

“ஆமா சார். அப்பா தினமும் பார்ப்பாரு.”

“கடல் ரொம்ப தூரம்.”

“உங்களுக்குத் தெரியாத பக்கமா இருக்கும் சார்.” மகள் விடுவதாக இல்லை. பதினெட்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த கதை அவளுடையது. கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. ஆபீசர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். பையனும் அதைப் பார்த்தான்.

‘ஞாபகம் இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் இத்தாலி தப்பித்துவிடலாம். ஆனால் மகள் இந்த மனுஷர் முன்னால் பைத்தியக்காரியாக நிற்பாள், நாளைக்குப் பையன் வீட்டிலும் நிற்பாள். கரண்டியைக் கீழே வைத்தார்.

“அவளை விடுங்க சார். அவ பொய் சொல்லல. நான் சொன்னதைச் சொல்றா. நான் இத்தாலிக்குப் போனதே இல்ல.”

அக்கா குழாயை மூடினாள். மகள் அவரைப் பார்த்த பார்வைக்கு அவரால் எதிரே நிற்க முடியவில்லை, பானையைப் பார்த்துக்கொண்டார்.

ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒன்பது நிமிஷம் ஆச்சு. எனக்கு இப்ப எடுங்க. அவங்களுக்கு உங்க பத்தொன்பது.”

தட்டுகளை மகள்தான் வெளியே கொண்டுபோனாள். ஒவ்வொன்றாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அத்தை, சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எங்க அப்பா இத்தாலியைப் பார்த்ததே இல்லையாம். எனக்கே இப்பதான் தெரியும்.”

பையனுக்குப் புரையேறியது. அவன் அம்மா முள்கரண்டியைத் தூக்கினபடியே கேட்டாள்.

“அப்ப இதை யாரு சமைச்சது?”

“அவருதான்.”

பையனின் அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். மென்றாள். “பொய் சொன்ன வீட்ல பொண்ணு எடுக்கலாமான்னு வீட்டுக்குப் போய்த்தான் யோசிக்கணும். இப்ப பசிக்குது. நீயும் உக்காரும்மா.”

ஆபீசர் பேசவே இல்லை. தலை நிமிராமல் தின்று, மிச்சச் சாஸை ரொட்டியால் வழித்தார். பக்கத்துத் தட்டிலிருந்து குழைந்த இழை ஒன்றை எடுத்து வாயில் போட்டவர், பல் வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். பிறகு தன் காலித் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, ஒன்பது விரலைக் காட்டினார்.

மகள் உட்காரவில்லை. உள்ளே வந்தாள்.

“மன்னிச்சுடும்மா,” என்றார் இத்தாலி.

“அந்த ரெண்டு வருஷம் எங்கப்பா இருந்தீங்க?”

“வெளிய ஆளுங்க காத்திருக்காங்க. வீட்ல போய்ச் சொல்றேன்.”

“வீட்ல போனா நீங்க வேற ஏதாவது அழகா சொல்லிடுவீங்க. இப்பவே சொல்லுங்க.”

பரிமாறும் ஜன்னலைச் சாத்தினாள். காய்க் கூடையைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அக்கா எதையும் கேட்காதவள் போல முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஆனால் குழாயைத் திறக்கவில்லை. இத்தாலி இன்னொரு பிடி ஸ்பகெட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார்.

“அந்த ஏஜெண்டு நீலச் சட்டை போட்டிருந்தான்,” என்று ஆரம்பித்தார்.