பருப்பு தின்ற கண்ணாடி மீன்கள்

லீலாதேவிக்கு மீன் சமைக்கத் தெரியாது. மீனுக்குள் பார்க்கத்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து அறை எடுத்தபோது, பொலிஸ் பதிவில் தொழில் என்னவென்று கேட்டார்கள். "உயிரோட இருக்கிற மீனுக்குள்ள லேசர் அடிச்சுப் பாக்கிறது" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பெண்ணொருத்தி பொலிசில் சொல்கிற பேச்சா அது? அவளுடைய ஆய்வுப் பேராசிரியர் நவரட்ணராஜா ஓடிப்போய்த்தான் மீட்டு வந்தார்.

வேலை என்னவோ அதுதான். உடம்பு ஊடுருவித் தெரிகிற கண்ணாடி மீனுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து லேசரைப் பாய்ச்சினால், சாயம் போன இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். அறுக்காமலே ஆழத்தில் நடப்பதைப் பார்க்கலாம். மீன் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். லீலாதேவியின் சாயமோ தோலைத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. குடல் ஒளிரும் படம் ஒன்று கிடைத்தால் அவளுக்கு ஜெர்மனியில் மேற்படிப்பு. கிடைக்காவிட்டால் இடம் வேறொருவனுக்கு.

அந்த நேரம் பார்த்து நகரில் குண்டு வெடித்தது, ஊரடங்கு போட்டார்கள். அறையில் அடைபட்ட லீலாதேவி ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். காவலுக்கு அங்கேயே தங்கியிருந்த வாச்சர் மூக்கையா பேசினார். பன்வில தேயிலைத் தோட்டத்து ஆள்.

"அண்ணை, மீன் செத்தா நானும் செத்தன். தீனி அலுமாரிச் சாவி என்னட்டை. எதையாவது போடுங்கோ."

"நான் பாத்துக்கிறேங்க மிஸ்."

ஊரடங்கை எடுத்ததும் ஓடிவந்து, சாயம் ஏற்றிய மீன் ஒன்றை லேசரில் வைத்துப் பார்த்தாள். மீனின் குடல் பச்சைப்பசேலென்று ஒளிர்ந்தது! துள்ளிக் குதித்தாள். பேராசிரியர் உடனே ஜெர்மனிக்கு எழுத உட்கார்ந்துவிட்டார். அவளுக்குத்தான் மனம் கேட்கவில்லை. சாயமே ஏற்றாத மீன் ஒன்றை வைத்துப் பார்த்தாள். அதுவும் ஒளிர்ந்தது.

"அண்ணை, என்ன போட்டனீங்கள்?"

"பருப்பும் சோறும் மசிச்சுப் போட்டேங்க. மஞ்சள்தான் கொஞ்சம் தூக்கல்."

சமையல் மஞ்சளும் லேசர் பட்டால் பச்சையாக ஒளிரும் என்பது அவள் படித்த பாடம்தான். தலையில் கைவைத்துக்கொண்டு பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

"பிள்ளை, ஜெர்மன்காரனுக்குப் பருப்பு எங்க தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, சேர்."

அவர் எழுதியதைக் கிழித்தார். லீலாதேவி மூக்கையாவிடம் பாய்ந்தாள். "வெறுஞ்சோறு போட்டிருக்கக்கூடாதோ?"

"கையில இருந்தது அரைச் சுண்டு அரிசிதாங்க. கடையெல்லாம் பூட்டு. ஒரே சட்டியில ஆக்கி, மொதல்ல அதுகளுக்குப் போட்டுட்டு, மிச்சத்தைத்தான் நான் தின்னேன். ஒண்ணுகூடச் சாகலைங்க மிஸ்."

சண்டைக்கு வந்தவள் அழுதுவிட்டாள். அன்று மத்தியானம் அவளுடைய சாப்பாட்டுப் பார்சல் மூக்கையாவுக்குப் போனது. ஜெர்மனி வேறொருவனுக்குப் போனது.