தனிஸ்லாஸ் மாஸ்டரும் சேசு பாலனின் வலது கையும்

"சர்க்கார் விரல்ல வெச்ச மையைத் தவிர என்மேல ஒரு கறையும் கிடையாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில நான் மண்டி போட்டா, சாமியாருக்கு அது ஓய்வு நேரம்!"

குடியரசின் முதல் பொதுத்தேர்தல் நடந்த 1952ஆம் வருஷம், மைசூரில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் தனிஸ்லாஸ் வெளியிட்ட பிரகடனம் இது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த கையோடு, மாதா கோவில் வாசலில் நின்று, விரலை உயர்த்திக் காட்டிச் சொன்னார். மை சில வாரங்களில் போய்விட்டது. பிரகடனம் டிசம்பர் வரை தாக்குப் பிடித்தது.

மாஸ்டர் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனமே செய்யாதவர் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் போவார். தன்னிடம் சரக்கு இல்லாத குறையை மனைவி ஹில்டாவின் பாவங்களைச் சொல்லிச் சரிக்கட்டுவார்.

"சாமி, ஹில்டா போன வெள்ளிக்கிழமை, கறி ஆகாத நாள்ல, எலும்பு ரசம் வெச்சுட்டா. பாவம், நாள் மறந்துட்டா. நான் சாப்பிட்டது அவ மனசு நோகக் கூடாதேன்னுதான்."

இதை அவர் ரகசியமாகத்தான் சொல்வார். ஆனால் வாழ்நாள் பூராவும் மைதானத்தில் "அட்டென்ஷன்!" போட்ட தொண்டை அது. அவருடைய ரகசியம் மூன்றாவது தூண் வரைக்கும் கேட்கும். திருச்சபை விதித்த ரகசியத்தைச் சாமியார் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார். வரிசையில் நின்ற ஜனங்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. அதனால் மாஸ்டர் உள்ளே போனதும் ஹில்டா முக்காட்டை இழுத்துக்கொண்டு கடைசித் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள்.

இனி வீழ்ச்சிக்கு வருவோம்.

பங்குக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் சேசு பாலன் சுரூபம் டிசம்பர் பிறந்ததும் மாஸ்டர் வீட்டுக்கு வர்ணம் பூச வரும். திருநாள் பூசையில் அதை ஏந்திப் போய்க் குடிலில் கிடத்துபவரும் மாஸ்டர்தான். ஏந்துகிறவர் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உலகம் மாஸ்டருக்குக் கொடுத்த ஒரே பதவி இது. இதற்காக அவர் எதையும் விட்டுக்கொடுப்பார், கௌரவத்தைத் தவிர.

அந்த வருஷம் வர்ணம் காய்வதற்காகச் சுரூபத்தை அலமாரியின் உச்சியில் வைத்திருந்தார். பக்கத்தில் ஹில்டா பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டிய கல்கல் டின். திருநாளுக்கு முன்னால் அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று கட்டளை போட்டவரே மாஸ்டர்தான். "இது திருநாளுக்கு முந்தின தபசு காலம், தின்கிற காலம் இல்லை!"

ஞாயிற்றுக்கிழமை ஹில்டா மார்க்கெட்டுக்குப் போனாள். மாஸ்டர் ஸ்டூல் போட்டு ஏறினார். டின் சரியாக மூடியிருக்கிறதா என்று பரிசோதிக்கத்தான். மூடியிருந்தது. உள்ளே இருப்பதையும் பரிசோதித்தார். மூன்றாவது பிடியைப் பரிசோதிக்கும்போது முழங்கை இடித்து, உலக இரட்சகர் கீழே விழுந்தார்.

வலது கை தனியாக வந்துவிட்டது. மாஸ்டர் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினார். ஒட்டிக்கொண்டது, ஆனால் ஆசீர்வாதமாக மேலே உயர்ந்திருந்த கை இப்போது நேராக முன்னால் நீண்டது. மாஸ்டர் இடப்பக்கம் போனார், வலப்பக்கம் போனார். எங்கே நின்றாலும் கை அவரையே காட்டுவதுபோல் இருந்தது.

"ஐயோ, சேசுவே! கை என்ன ஆச்சு?" என்றாள் திரும்பி வந்த ஹில்டா.

"பூனை."

"எந்தப் பூனை?"

"பக்கத்து வீட்டுக் கௌரம்மா பூனை. ஜன்னல் வழியா வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"உங்க மீசையில என்னங்க, சர்க்கரையா?"

"சாக்பீஸ் தூள்."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

மாஸ்டர் சாட்சியத்தை மீசையிலிருந்து துடைத்துவிட்டு, பசைச் சட்டியைக் கழுவப் போனார்.

அவர் குரலில் சொன்னது பக்கத்து வீட்டில் கேட்காமல் இருக்குமா? கௌரம்மா கண்ணீரோடு ஓடிவந்தாள். "மேஷ்ட்ரே, எங்க பூனை கெம்பன் நல்ல பெக்கு. ஆனா தேவரு கையையே முறிச்சிருச்சுன்னா, அப்புறம் அது எங்க மனையில வேண்டாம்." அன்றே கெம்பனைச் சாக்கில் போட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் மாட்டு வண்டியில் ஏற்றினாள். ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மாஸ்டருக்கும் கல்கல் இறங்கவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்தார்.

இருபத்து நாலாம் தேதி காலையில் கதவைத் திறந்தால், வாசற்படியில் கெம்பன். காவிரியை எப்படிக் கடந்தது என்று அது சொல்லவில்லை. மாஸ்டரும் கேட்கவில்லை. அது அவரையே பார்த்தது.

"மன்னிச்சிடுங்க மேஷ்ட்ரே," என்று கௌரம்மா அதை அள்ளிக்கொண்டாள். "மத்தியானம் மறுபடி வண்டி வருது. இந்தத் தடவை இன்னும் தூரமா, மத்தூருக்கே அனுப்பிடறேன்."

"ம்," என்றார் மாஸ்டர். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான்.

மத்தியானம் சுரூபத்தைத் துணியில் சுற்றிக் கோவிலுக்குக் கொண்டுபோனார். கிழட்டுப் பங்குச் சாமியார் கையைத் தடவிப் பார்த்தார்.

"யாரு வேலை?"

"பூனை, சாமி."

"ஓகோ."

"என்னையே குத்தம் சொல்ற மாதிரி கையை நீட்டுது, சாமி."

"பூனை செஞ்சதுக்கு உங்களை ஏன் சொல்லணும்?"

மாஸ்டர் கோவில் விட்டத்தை ஆராய்ந்தார்.

சாமியார் சுரூபத்தை மடியில் கிடத்திக்கொண்டார். "மாஸ்டர், குழந்தை எதுக்குக் கையை நீட்டும்? தூக்கிக்கச் சொல்லித்தானே? கீழ போட்டவன்கிட்டயும் நீட்டும். யோக்கியன் யாருன்னு பாத்து நீட்ட அதுக்குத் தெரியாது. அந்த ஒரு தைரியத்துலதான் நானும் இந்த அங்கியைப் போட்டுட்டு நிக்கறேன்." பிறகு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். "நாலு மணிக்குத் தொட்டியில உக்காருவேன். வந்து ஓய்வு குடுங்க."

மாஸ்டர் கோவிலைவிட்டு வெளியே வந்தார். நடந்தார், பிறகு டிரில் மாஸ்டருக்கு உரிய முறையில் ஓடினார். கௌரம்மா வீட்டு முன்னால் வண்டி நின்றது. சாக்கு முனகியது.

"கெம்பனை இறக்கு! அது செய்யல. நான்தான்!"

தெரு பூராவும் கேட்டது. தெருமுனைக்கும் கேட்டது.

"நீங்களா? எதுக்கு மேஷ்ட்ரே?"

"கல்கல்."

கௌரம்மா சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். "எங்க பெக்கு கூடக் கேட்டுட்டுத்தான் தின்னும்!"

நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தன வரிசை என்றுமில்லாத அளவுக்கு நீளமாக இருந்தது. பக்தி பெருகியதென்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் தொட்டியில் மண்டி போட்டதும் ஜனங்கள் மூன்றாவது தூண் வரை காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஹில்டா பழக்கப்படி முக்காட்டை இழுத்துக்கொண்டு கடைசித் தூணுக்குப் போனாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

"உள்ளே தூங்கிட்டாரா?" என்று யாரோ கேட்டார்கள். வரிசை கால் மாற்றி நின்றது. ஹில்டா ஒவ்வொரு தூணாக முன்னால் வந்தாள். முதல் தூணிலும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் மாஸ்டர் வெளியே வந்தார். மீசை நனைந்திருந்தது. முன்வரிசையில் தன் வழக்கமான இடத்துக்குப் போகாமல் ஹில்டாவின் பக்கத்தில் முழந்தாள் போட்டார். அவர் பாவங்களுக்குச் சாமியார் இதுவரை விதித்த அபராதமெல்லாம் மாதாவை நோக்கிச் சொல்லும் ஒரே ஒரு பிரியதத்த மந்திரம்தான். அதை எண்ணிச் சொல்ல எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை.

"ஹில்டா," என்றார். அவளுக்கு மட்டுமே கேட்டது. "உன் ஜெபமாலையைக் கொஞ்சம் குடு."

"எத்தனை மணி சொல்லணும்?"

"முழுசும். அப்புறம் மறுபடியும் முதல்ல இருந்து."